பயம் வேணும், இரத்தம் வேணாம்

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பழைய பகிடி இருக்கிறது. கொழும்பில் படித்த காலத்தில், ஊர் கல்லடி என்று சொன்னவுடனேயே யாராவது ஒருத்தி ‘மந்திரம் ஏதும் தெரியுமோ?’ என்று கேட்டுவிடுவாள். மந்திரம் ஒன்றும் தெரியாது. ஆனால் பேய்க்கதை விஷயத்தில் என்னைத் தேடி வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. வீட்டு அலுமாரியின் மேல்தட்டு முழுக்க அதுதான். மருதானையிலும் மக்கலம் வீதியிலும் பழைய புத்தகக் கடைகளில் கிளறி எடுத்தவை பாதி. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் சம்பளத்தைக் கரைத்து வாங்கியவை மீதி. ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சர் வாசிக்கிற புத்தகமா இது என்று முகம் சுழித்தவர்கள்கூட இப்போது இரவல் கேட்கிறார்கள்.

கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே நிபந்தனையோடுதான் வருவார்கள். நல்லாய்ப் பயப்பட வேணும், ஆனால் வெட்டுக் குத்து வேணாம். என் மச்சாள் ஒருத்தி நேர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்து, பிளேன்ரீயோடு குந்தியிருந்து சொன்னா: “நான் பாக்காத இரத்தமாகா மச்சாள்? வாட்டில அதையே பாத்துப்போட்டு வந்து, மறுகா புத்தகத்திலயும் அதையே வாசிக்கவா? இரவில கிணத்தடிக்குப் போகப் பயப்பிடுற மாதிரி ஒண்டு தா.”

கிணற்றடிக்குப் போகப் பயப்படுகிற மாதிரி. பின்னட்டைகளில் அச்சடிக்கிற புகழுரைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு புத்தகத்தை நிறுத்துப் பார்க்கலாம்.

இரத்தத்தை நம்பி எழுதப்படும் நாவல் ஒரு விஷயத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: வாசிக்கிறவர் இதையெல்லாம் கண்ணால் கண்டிருக்கமாட்டார் என்று. நாற்பது வயது தாண்டிய எங்கள் ஆட்களிடம் அந்தக் கணக்குப் பிழைத்துப்போகும். போரில் கொலைகள் மலிந்த 1990ஐக் கடந்து வந்த ஊர்கள் இவை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் சரி, மேற்கே படுவான்கரையிலும் சரி, தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் சரி, யாரிடமாவது ஒரு கதை இருக்கும், அதைச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அப்படி ஒருவர் கையில் அறுத்துக் கூறு போடுகிற நாவலைக் கொடுத்தால் மனம் நொந்து மூடி வைத்துவிடுவார். இல்லாவிட்டால், ‘இப்பிடியெல்லாம் கிடக்காது, இவன் சும்மா எழுதுறான்’ என்று கொட்டாவி விடுவார். எழுதியவனுக்கு அந்தக் கொட்டாவிதான் பெரிய அவமானம்.

இந்த வேறுபாட்டை ஆன் ராட்கிளிஃப் எப்போதோ எழுதிவிட்டார். இங்கிலாந்தில் பாழடைந்த கோட்டைக் கதைகளால் பேர்பெற்ற எழுத்தாளர். அவர் இறந்த பிறகு 1826இல் வெளியான கட்டுரை ஒன்றில், வரப்போவதை எண்ணி எழுகிற அச்சம் மனதை விரித்து விழிக்க வைக்கும், கண்முன் கிடக்கிற கோரமோ அதைச் சுருக்கி உறைய வைத்துவிடும் என்கிறார். ஸ்டீபன் கிங் 1981இல் எழுதிய ‘டான்ஸ் மக்காப்ர’ என்ற நூலில் அதையே தொழில்காரன் பாணியில் சொல்கிறார். முதலில் வாசகனை அச்சப்படுத்தப் பார்ப்பாராம், முடியாவிட்டால் திகைக்க வைப்பாராம், அதுவும் முடியாவிட்டால் குமட்ட வைப்பாராம். குமட்டல் அவருக்கே கடைசிப் படிதான். இரத்தம் கேட்காமல் பயம் கேட்கிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை என்பதற்கு இந்த இரண்டு பேரின் சாட்சி போதும்.

ஆனால் ‘இரத்தம் இல்லை’ என்ற ஒன்றை மட்டும் வைத்துப் புத்தகம் தெரிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணத்தைச் சொல்ல சூசன் ஹில் எழுதிய ‘த வுமன் இன் பிளாக்’ பற்றிச் சொல்ல வேண்டும். 1983இல் வந்த சின்ன நாவல். ஆர்தர் கிப்ஸ் என்ற இளம் சட்டத்தரணி, இறந்துபோன ஒரு கிழவியின் பத்திரங்களைப் பார்த்து ஒழுங்குபடுத்த ஈல் மார்ஷ் ஹவுஸ் என்ற வீட்டுக்குப் போகிறான். வீடு சதுப்பு நிலத்துக்கு நடுவே. போகிற ஒற்றை வழி கடல் ஏறும்போது மூழ்கிவிடும். மறுபடி வற்றினால்தான் வெளியே வரலாம். குருமண்வெளித் துறையில் பொழுதுபட்டு நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகிற கடைசிப் பாதை (ஆட்களை ஏற்றுகிற மிதவை) விட்டுவிட்டதென்றால் அந்தக் கரை அந்தக் கரைதான். எதிரே லைட் எரிவது தெரியும், ஆட்கள் பேசுவதுகூடத் தண்ணீரின் மேலால் கேட்கும், ஆனால் போக ஏலாது.

அந்த நாவலில் இரத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பனிமூட்டத்துக்குள் ஒரு குதிரை வண்டி வருகிற சத்தம் கேட்கும். பிறகு வண்டி சேற்றில் புதைகிற சத்தம். பிறகு ஒரு குழந்தையின் அழுகை. கிப்ஸ் இதில் எதையும் பார்ப்பதில்லை. இன்னொரு நாள் அதே சத்தம் அதே வரிசையில் திரும்ப வரும், அப்போதும் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் அறைக்குள் ஏதோ ஒன்று சீராக ஆடிக்கொண்டிருக்கிற ஓசை. இதை மேடை நாடகமாக்கி லண்டனில் 1989 முதல் 2023 வரை ஒரே அரங்கில் நடத்தினார்கள். பெரும்பாலும் இரண்டே நடிகர்கள், கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான், மிச்சமெல்லாம் ஒலியும் இருட்டும். காட்டாமல் விடுவதில் எவ்வளவு காசு இருக்கிறது என்று தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நாவலடியில் இருந்தவர் ஒரு அக்கா, இப்போது திராய்மடுவில் இருக்கிறா. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாவலடி எப்படிப் போனது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வாசகி அவ. தொடர்கொலைகாரனைப் பொலிஸ் தேடுகிற தடித்த நாவல் ஒன்றை என்னிடம் வாங்கிப்போய், பக்கத்துக்குப் பக்கம் பிணம் விழுகிற அந்தப் புத்தகத்தை இரண்டு மூன்று இரவில் முடித்துத் தந்தவ. மச்சாள் சொல்லிக் கேள்விப்பட்டு ‘அந்தக் கறுப்புச் சீலைக்காரி’ கதையைக் கேட்டா. கொடுக்கமுன், கதையில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. “வெட்டுறது கொத்துறது எனக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. தண்ணியும் புள்ளையும் வாற கதை மட்டும் வேணா.”

ஆகவே என்னிடம் புத்தகம் கேட்பவர்களை நான் ‘இரத்தம் பரவாயில்லையா’ என்று கேட்பதோடு விடுவதில்லை. பிள்ளை சாகிற கதை பரவாயில்லையா? தண்ணீர்? நெருப்பு? காணாமல் போய்த் திரும்பி வராத ஒருவருக்காகக் காத்திருப்பது? தற்கொலை? நல்ல பேய் நாவல்களில் பெரும்பாலானவை இதில் ஏதாவது ஒன்றின் மேல்தான் எழும்பி நிற்கின்றன. பேய் என்பதே யாரோ ஒருவரின் தீராத துக்கம் என்ற இடத்தில் இருந்துதான் இவை தொடங்குகின்றன. இரத்தத்தை எடுத்துவிட்ட எழுத்தாளர் அந்த இடத்தைச் சும்மா விடுவதில்லை, அதைவிட ஆழமாக அறுக்கிற ஒன்றை வைப்பார். ஹென்றி ஜேம்ஸின் ‘த டேர்ன் ஒஃப் த ஸ்குரூ’வில் இரண்டு பிள்ளைகள். கிங்கின் ‘பெட் செமட்டறி’யில் தெருவோரத்து வீட்டில் ஒரு சின்னப் பையன். கிங் அந்தப் பிரதியை எழுதி முடித்தும், இது எல்லை மீறிவிட்டது என்று வெளியிடத் தயங்கிக் கிடப்பில் போட்டு வைத்திருந்தார், 1983இல்தான் வந்தது. அதில் கோரக் காட்சிகள் இருக்கின்றன. ஆனால் வாசித்தவர்களுக்கு நினைவில் நிற்பது அந்தக் காட்சிகள் அல்ல. டொக்டரான தகப்பன், செய்யக்கூடாது என்று தெரிந்த ஒரு காரியத்தைச் செய்யப் படிப்படியாகத் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு போகிறானே, அதுதான்.

திராய்மடு அக்காவுக்கு நான் கொடுத்தது ஷேர்லி ஜாக்சனின் ‘த ஹோண்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்’. 1959இல் வந்தது. இந்த வகையில் ஒரே ஒரு நாவல் வாசிக்கத்தான் நேரம் என்று யாரும் சொன்னால் நான் எடுத்து நீட்டுவதும் அதையேதான். பேய்வீடு ஒன்றை ஆராய வருகிற பேராசிரியரோடு சேர்த்து நான்கு பேர் அந்த வீட்டில் தங்குகிறார்கள். அவர்களில் எலினோர் என்ற பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. நோயாளித் தாயைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டதில் இளமை போய்விட்டது. தாய் செத்த பிறகு அக்கா வீட்டில் ஒட்டுண்ணியாக இருக்கிறாள். இரவில் அந்த வீட்டின் தாழ்வாரத்தில் ஏதோ ஒன்று கதவு கதவாக அறைந்துகொண்டு வருகிறது. இவர்கள் இருக்கிற அறை வாசலுக்கு வந்ததும் அறைவது நிற்கும். கைப்பிடியை மெல்லத் தடவும். விளிம்பெல்லாம் தொட்டுப் பார்க்கும். கதவு திறக்காது. எழுத்தாளர் கடைசி வரைக்கும் அந்தக் கதவைத் திறந்து காட்டுவதில்லை. ஒரு இடத்தில் ஒருத்தியின் உடுப்புகள் எல்லாம் சிவப்பாகக் குழம்பிக் கிடக்கும், இரத்தம் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான். இருட்டில் பக்கத்துக் கட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிற காட்சி ஒன்று வரும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். முடிவு கனமானது, அதைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

ஒரு கதவைத் தட்டுகிற சத்தம் ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது என்று மச்சாள் கேட்டா. 2011 ஓகஸ்டை மறந்துவிட்டாயா என்று திருப்பிக் கேட்டேன்.

கிறீஸ் பூதம் வந்த மாதம் அது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் வீடுகளுக்குள் புகுந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறான் என்ற கதை மலையகத்தில் இருந்து கிளம்பி, பொத்துவில், அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஓட்டமாவடி என்று கரையோரம் முழுக்கப் பரவியது. சில ஊர்களில் சனத்துக்கும் பொலிசுக்கும் கைகலப்பாகவும் போனது. எங்கள் ஒழுங்கையில் ஆறு மணிக்கே படலைகள் சாத்தப்பட்டுவிடும். பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில். ஆண்கள் கம்புகளோடு சந்தியில். மாமி ஜன்னலடியில் மிளகாய்த்தூள் போத்தலை மூடி கழற்றியபடியே வைத்திருந்தா. பார்த்தவர் என்று ஒழுங்கையில் ஒருவரும் இல்லை, பார்த்தவரைப் பார்த்தவர்கள்தான் இருந்தார்கள். ஒரு இரவு பின்வளவில் தகரத்தில் ‘டங்’ என்று ஒன்று விழுந்தது. நாய் குரைக்கத் தொடங்கியது. குரைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் நாங்கள் ஒருவரோடொருவர் குசுகுசுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு கட்டத்தில் நாய் பட்டென்று நிறுத்திவிட்டது. அந்த அறையில் இருந்த யாரும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நாய் வாசலில் படுத்திருக்கிறது, வாலை ஆட்டுகிறது, வளவில் ஒரு குரும்பை கிடக்கிறது.

அந்தக் குரும்பையைக் கண்ட பிறகும் அன்றிரவு மாமி போத்தலை மூடவில்லை. இதைத்தான் ஜாக்சன் 1959இலேயே தெரிந்து வைத்திருக்கிறார். (நாய் விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டியது. கிப்ஸுக்குத் துணையாக ஸ்பைடர் என்று ஒரு சின்ன நாய் வரும். பேய் நாவலில் நாய் வந்துவிட்டால் எனக்கு மனிதர்களை மறந்துபோகும், நாய்க்கு என்ன ஆகும் என்பதே கவலை.)

புத்தகத்தை வாசிக்காமலே கடையில் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் பக்கத்தை வாசிப்பதில் பயனில்லை, முதல் பக்கத்தை எல்லோரும் மினுக்கித்தான் வைப்பார்கள். நடுவில் எங்காவது திறந்து, ஒன்றுமே நடக்காத ஒரு பக்கத்தைத் தேடுங்கள். ஒருவர் தனியே ஒரு அறையில் இருக்கிறார், தேத்தண்ணி போடுகிறார், கடிதம் எழுதுகிறார். அந்தப் பக்கத்தில் கழுத்துப் பிடரி கூசினால் வாங்கலாம். ஒன்றும் நடக்காத பக்கத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், நடக்கிற பக்கங்களில் சத்தம் மட்டும்தான் இருக்கும். பின்னட்டையில் கொலைகளை எண்ணிக் காட்டியிருந்தால் திருப்பி வைத்துவிடலாம். அட்டைப்படத்தை நம்பக் கூடாது, இரண்டு பக்கமாகவும். கோரைப்பல்லும் விரித்த தலைமுடியும் போட்ட மலிவு மாத நாவலுக்குள் அருமையான முப்பது பக்கம் அகப்பட்டிருக்கிறது.

தடிப்பையும் பார்ப்பேன். அச்சத்தை அறுநூறு பக்கத்துக்கு இழுப்பது கடினம், இழுக்கிறவர் இடையிடையே இரத்தத்தை ஊற்றித்தான் தீரவேண்டும். எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த பெரிய படிப்பாளி. நத்தார் இரவுகளில் நண்பர்களைக் கூட்டி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டத்தான் அவர் பேய்க்கதைகளை எழுதினார், முதல் தொகுதி 1904இல் வந்தது. ஒரே இருப்பில் வாசித்து முடிகிற நீளம். அடக்கி வாசிப்பதே இந்தக் கலைக்கு அழகு, அப்பட்டமாய்க் காட்டுவது அதைக் கெடுக்கும் என்று 1929இல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஆள் ஏன் எழும்பி ஓடவில்லை? பேய்ப்படம் பார்க்கும்போது பின்வரிசையில் இருந்து பொடியன்கள் கத்துவார்களே, ‘ஓடன்டா!’ என்று, அதே கேள்விதான். மோசமான நாவலில் இதற்குப் பதில் இருக்காது, ஓடினால் கதை முடிந்துவிடும் என்பதால் அந்த ஆள் நிற்பான். நல்ல நாவலில் அந்தப் பதில்தான் கதையே. கிப்ஸுக்கு அது உத்தியோகம், முதலாளி நம்பி அனுப்பிய பெரிய பொறுப்பு. ஹென்றி ஜேம்ஸின் ஆசிரியைக்கு, பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தாயிற்று, எது நடந்தாலும் தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எசமான் சொல்லிவிட்டார். எலினோருக்குப் போக வேறு வீடு இல்லை, அந்தப் பேய்வீடுதான் அவளை வா என்று கூப்பிட்ட முதல் இடம். டாப்னே டூ மோரியேயின் ‘ரெபேக்கா’வில் வருகிற இளம் மனைவி, பணக்காரக் கிழவிக்குக் கூலித் துணையாக இருந்தவள், உறவு சனம் இல்லாதவள். பயந்துகொண்டே ஒரு வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் என்ன என்பது, அகதி முகாமில் இருந்து பாதி எரிந்த வீட்டுக்குத் திரும்பி வந்து குடியிருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கட்டாயத்தை எழுத்தாளர் சரியாகக் கட்டிவிட்டால் பேய் வராமலே பயம் வரும். ‘ரெபேக்கா’வில் வருவதுமில்லை. 1938இல் வந்த அந்தப் புத்தகத்தில் உள்ளதெல்லாம் செத்துப்போன முதல் மனைவியின் பெயரும், அவளுடைய அறையைத் துடைத்து வைத்திருக்கிற ஒரு வீட்டுப் பொறுப்பாளினியும்தான். பேய்க்கதையே வாசிக்காதவர்களுக்கு அதில் தொடங்கலாம், ஆங்கிலமும் கை கொடுக்கும். கடலும் படகும் வரும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ‘த டேர்ன் ஒஃப் த ஸ்குரூ’ 1898இன் ஆங்கிலம், ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், முதல் புத்தகமாக அதை எடுத்தால் தூக்கம்தான் வரும். பழகிய பிறகு எடுங்கள். பேய் உண்மையா, ஆசிரியையின் மனதுக்குள்தானா என்று விமர்சகர்கள் இன்றுவரைக்கும் அடிபடுகிறார்கள்.

என்னோடு படிப்பிக்கிற சம்மாந்துறை சேர் ஒருவர் இதெல்லாம் பொம்பிளையளின் அழுகைக் கதைகள் என்பார். அவருக்கு ‘டிராகுலா’தான் சகலதும். “டீச்சர், எங்கட மூத்தம்மா சொல்ற ஜின் கதைக்குப் பக்கத்தில வைக்கக்கூடிய ஒரே புத்தகம் அதான்.” இரத்தம் குடிக்கிற ஒருவனைப் பற்றிய கதையை இரத்தம் வேண்டாதவர்களுக்குச் சிபாரிசு செய்வது வேடிக்கைதான், ஆனால் முழுக்கப் பிழையும் இல்லை. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட அந்த நாவல் நாட்குறிப்பும் கடிதமும் தந்தியுமாகவே போகும். முதல் நான்கு அதிகாரம் கோட்டைக்குப் போகிற வழியிலும் கோட்டைக்குள்ளும். அதற்குப் பிறகு டிராகுலா கண்ணில் படுவதே அபூர்வம். கல்லறையில் ஒரு காட்சி கடுமையானது. கோட்டையில் பிள்ளையை அடைத்த சாக்குமூட்டைக் காட்சி ஒன்றும் இருக்கிறது, அதனால்தான் திராய்மடு அக்காவுக்கு இதையும் கொடுக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது டெமிட்டர் என்ற கப்பலின் பதிவேடு. சில பக்கங்கள்தான். கப்பலில் அந்நியன் ஒருவன் இருப்பதாக ஒரு மாலுமி சொல்கிறான். தேடுகிறார்கள், இல்லை. ஒருவன் காணாமல் போகிறான். பிறகு இன்னொருவன். தலைவன் திகதி போட்டு எழுதிக்கொண்டே போகிறான். கடைசியில் கப்பல் புயலோடு புயலாக விட்பி துறைமுகத்துக்குள் வந்து ஏறும்போது, சுக்கானோடு கைகளைக் கட்டிக்கொண்ட பிணம் ஒன்றுதான் அதை ஓட்டி வந்திருக்கிறது. ஆழ்கடலுக்குப் போகிற அயல்வீட்டு அண்ணன் ஒருவருக்கு இதை வாயால் சொன்னேன். அவர் பயந்த இடம் வேறு. “அப்பிடிப்பட்ட போட்டை அவன் ஏன் கரைக்குக் கொண்டு வாறான்? நடுக்கடலில விட்டிரிக்கணும்.” ஸ்டோக்கரின் கதை முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

தமிழில் கேட்பவர்களுக்கு நாவலைவிடச் சிறுகதைதான் முதலில் கொடுப்பேன், புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. இரவில் திடீரென்று வருகிற ஒரு வாசனை, மனைவி இரக்கப்பட்டு வீட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிற ஒரு பிச்சைக்காரி, இதைச் சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் கிடக்கிற புருஷன். நாற்றத்தை வைத்து இப்படிப் பயமுறுத்தியவர் தமிழில் வேறு யார் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. நாவல் என்றால் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் இழுபறிப்படுகிற கதை. தலைப்பே சொல்கிறபடி கொலைகள் உண்டு, ஆனால் பயம் அவற்றில் இல்லை.

எங்கள் மண்ணை வைத்து இப்படி ஒரு நாவல் வாசிக்க எனக்குத் தீராத ஆசை. படுவான்கரையில் ஒரு வட்டை, பரந்த வயல்வெளி. வெள்ளாமைக் காவலுக்கு வாடியில் தனியே படுக்கிற ஒருவர். அவர் எழும்பி ஓட ஏலாது, ஓடினால் விடியமுன் யானை வயல் கண்டத்தைத் துடைத்துவிடும். தூரத்தில் ஒரு வெளிச்சம் அசைகிறது. கொள்ளிவாய்ப் பிசாசாக இருக்கலாம், அடுத்த வாடிக்காரரின் டோர்ச்சாகவும் இருக்கலாம், ஆனால் அடுத்த வாடிக்காரர் போன கிழமை செத்துப்போனவர். இல்லாவிட்டால் இப்படி: காணாமல் போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று அம்மன் கோயிலில் தெய்வம் ஆடுகிறவரிடம் கட்டு, அதாவது குறி, கேட்கப் போகிற ஒரு தாய். 1990களில் இங்கே வந்து இருந்த பட்ரீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் அந்தத் தாய்மாரைப் பற்றியும் தெய்வம் ஆடுகிறவர்களைப் பற்றியும் ஆய்வாக எழுதியிருக்கிறார். ஆய்வு செய்யாத வேலையை நாவல் செய்யலாம். தெய்வம் ‘இரிக்கான், வருவான்’ என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அவ இராச்சாப்பாட்டில் ஒரு கோப்பை கூடுதலாகப் போட்டு மூடி வைக்கிறா. ஒரு நாள் காலையில் கோப்பை கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது. அதற்கு மேல் ஒரு துளி இரத்தமும் தேவையில்லை. எழுதக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள், எழுதட்டும், வரிசையில் முதலாவதாக நின்று வாங்குகிறேன்.

அதுவரைக்கும் மிஷெல் பேவரின் ‘டார்க் மாட்டர்’ இருக்கிறது. 2010இல் வந்தது, கதை 1937இல் நடக்கிறது. வடதுருவப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகிற குழுவில் வயர்லெஸ்காரனாகச் சேரும் ஜாக் ஒரு ஏழை எழுதுவினைஞன். ஊருக்குத் திரும்பினால் பழைய வறுமைதான் என்பதால் பிடிவாதமாக நிற்கிறான். ஒவ்வொரு நாளும் சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் வராமலே விடுகிறது. ஒவ்வொருவராகப் போய் அவன் தனித்துப்போகிறான், நாய்களோடு. வெளியே யாரோ நிற்கிறார்கள். நாட்குறிப்பாக எழுதப்பட்டது, எளிய ஆங்கிலம், இருநூற்றுச் சொச்சப் பக்கம். எங்கள் வெயிலில் இருந்துகொண்டு பனியை நினைத்து நடுங்க வைப்பது சின்னக் காரியமில்லை.

இப்போது அது மச்சாளிடம் இருக்கிறது. இரவு டியூட்டி இல்லாத கிழமையாகப் பார்த்து வாங்கிப்போனா. நேற்று ரெலிபோனில், “எத்தினையாம் பக்கத்திலகா வெளிச்சம் வரும்?” என்று கேட்டா. நான் சொல்லவில்லை. அடுத்தது தனக்குத்தான் என்று சம்மாந்துறை சேரும் சொல்லி வைத்திருக்கிறார். என்னுடைய ‘டிராகுலா’வைத் திருப்பித் தந்தால் பார்க்கலாம் என்று அவருக்கும் சொல்லிவிட்டேன்.